வெறும் வயிற்றில் மூக்கனேரி

ஐந்தே முக்காலுக்குக் கரையேறுகிறேன்.
கன்னங்குறிச்சிப் பக்கம்
தெருவிளக்கு இன்னும் அணையவில்லை.
ஏற்காட்டு மலை
பிழியாமல் போட்ட போர்வையாய்
பாதி மேகத்துக்குள் கிடக்கிறது.

எட்டு மணிக்கு நான் லேபில் இருக்க வேண்டும்.
அதுவரை இந்தக் கரை.

எதிரே வருகிறவர்களில் பாதிப் பேரின் ரத்தம்
எனக்குத் தெரியும்.

பச்சை பனியனில் கைவீசி வருகிறவர்
ஜவ்வரிசி மில் அருணகிரி.
இருநூற்றுப் பதினாலு.
அவருக்குப் பின்னால்
கொலுசுப் பட்டறை சௌந்தரம்மாள்,
நூற்று நாற்பது.
சாப்பிட்ட பிறகு எவ்வளவு என்பதை
நான் சொல்லக் கூடாது.
காதில் வயர் மாட்டிய அந்தப் பையனுக்கு
முப்பதுகூட ஆகவில்லை.
அவன் எண்ணை அச்சடித்த அன்று
மெஷின் தப்போ என்று
இரண்டு தரம் ஓட்டிப் பார்த்தேன்.

பெயரைவிட எண்தான் முதலில் வருகிறது.
வணக்கம் சொல்கிறார்கள்,
நானும் சொல்கிறேன்.
கரையில் யாரும் யாரையும்
எவ்வளவு என்று கேட்பதில்லை,
எத்தனை ரவுண்டு என்று கேட்பார்கள்.
அதிலும் ஒன்று கூட்டித்தான் பதில்.

போன வியாழக்கிழமை
போண்டாக்கடைத் திருப்பத்தில்
அருணகிரி என்னைப் பார்த்துவிட்டார்.
ஆறு லாரி வைத்திருக்கும் மனுஷன்
கையைப் பின்னால் கொண்டுபோனார்.
சட்னி சொட்டிக்கொண்டிருந்தது செருப்பில்.
நான் மலையைப் பார்த்தேன்.
அவரும் மலையைப் பார்த்தார்.
"இன்னைக்கு நல்லா மூடியிருக்கு" என்றார்.
"ஆமாங்க" என்றேன்.

ஊசி ஏற்றும்போது
எல்லோரிடமும் ஒன்றே சொல்வேன்:
அந்தப் பக்கம் பாருங்க.
அந்தப் பக்கம் இருப்பது
ஒரு மருந்துக் கம்பெனி காலண்டர்.
அதில் எந்த ஊருடையதோ ஒரு ஏரி,
கரையில் ஒரு மனுஷர் இல்லை.
பார்க்கிறார்கள், வேறு வழியில்லை.
பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லும்போது
சிலர் இன்னும் அங்கேயே இருப்பார்கள்.

சித்திரையில் இந்த ஏரியும் வெறும் வயிறு.
தண்ணீர் இறங்க இறங்க
மதகின் படிகள் ஒவ்வொன்றாய் மேலே வந்தன.
பிறகு ஒற்றைச் செருப்பு,
பிறகு ஒரு சைக்கிள் ரிம்,
பிறகு போன ஆவணியில் கரைத்த பிள்ளையாரின்
கம்பி விலா எலும்பு.
அளவுக்கல்லில் எண்கள் தேய்ந்துவிட்டன.
எவ்வளவு குறைந்தது என்று
எந்தக் காகிதத்திலும் அச்சாகாது.
நாற்றம் மட்டும் சொன்னது.
அந்த மாதமும் நடந்தோம்,
மூக்கில் கர்ச்சீப்போடு,
ரவுண்டில் ஒன்று கூட்டிச் சொல்லிக்கொண்டு.

ஐப்பசி பெய்தது.
மலையிலிருந்து ஓடைகள்
செம்மண்ணைக் கரைத்துக் கொண்டுவந்து கொட்டின.
நான்கு நாள் டீ நிறம்,
அப்புறம் தெளிந்துகொண்டே வந்தது.
நாமக்கோழிகள் வந்துவிட்டன.
நீர்க்காகம் ஒன்று
நடுத்திட்டுக் கருவேல மரத்தில்
கல்யாண வீட்டுக் குடை மாதிரி
சிறகை விரித்துக் காயவைக்கிறது.

இன்று காலை சௌந்தரம்மாள்
என் கூடவே நடந்தார்.
மெட்டி சிமெண்டில் தட்டுகிற சத்தம்
என் அடிக்கு அரை அடி பின்னால்.
பட்டறை, வெள்ளி விலை,
மருமகன் வாங்கிய கார் என்று
பேசிக்கொண்டே வந்தவர்
இரண்டாம் வளைவில் நின்றார்.

"ஏங் கண்ணு, ஊருக்கெல்லாம் நீ குத்துற.
உனக்கு யாரு குத்துறாங்க?"

ராத்திரி மூன்று தரம் எழுந்து
தண்ணீர் குடிப்பது எனக்குத் தெரியும்.
என் அம்மாவின் கால்விரல் எனக்குத் தெரியும்.
லேபில் தினமும் நாற்பது ட்யூப்
என் கையால்தான் ஸ்டிக்கர் ஒட்டுகிறேன்.
ஒன்றில்கூட என் பெயர் இல்லை.

நான் அந்தப் பக்கம் பார்த்தேன்.

ஒரு முக்குளிப்பான்,
உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு,
என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு
சத்தமே இல்லாமல் முங்கியது.
வளையம் விரிந்து கரையைத் தொட்டது.

ஒன்று, இரண்டு, மூன்று.
சௌந்தரம்மாளும் எண்ணுகிறார் போல,
உதடு அசைகிறது.

பதினேழு.
இன்னும் வரவில்லை.